சினைப்பைக் கட்டி: அஞ்சவும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்

சாலை, குடிநீர், பாசனம், பயிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றியே பெரிதும் எழுதப்பெறும் இவ்விதழில், பெண்களின் வயிற்றுக் கட்டியைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று வாசகர்களுள் சிலர் எண்ணக்கூடும். கொங்கு நாட்டுத் தோட்டங்களில் களை எடுப்பவரும், பருத்தி பறிப்பவரும், விடியுமுன் எழுந்து பால் கறப்பவரும் பெரும்பாலும் பெண்களே. அவர்களுள் ஒருவர் படுத்துவிட்டால் அடுப்பு மட்டுமன்று, பண்ணையமும் நின்றுபோகும். ஆகவே இது வீட்டுக்குள் மறைத்துப் பேசவேண்டிய விஷயமன்று. கிராம அபிவிருத்தியைச் சேர்ந்த விஷயமே.

வயிற்றில் கட்டி இருப்பதாக ஒரு ஸ்கேன் காகிதம் வீடு வந்து சேர்ந்தால் நம் கிராமங்களில் இருவிதமாக நடப்பதைக் காண்கிறோம். ஒரு வீட்டில், கட்டி என்றாலே புற்றுநோய்தான் என்று நடுங்கி, ஆட்டையும் மாட்டையும் விற்று, டாக்டரிடம் ஒரு கேள்வியும் கேளாமல் கர்ப்பப்பையையே எடுத்துவிடச் சம்மதிக்கிறார்கள். மற்றொரு வீட்டில், "நோம்பி முடியட்டும், வெள்ளாமை வீடு வந்து சேரட்டும்" என்று நாளைக் கடத்துகிறார்கள். முன்னது வீண் அச்சம். பின்னது வீண் அசட்டை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அந்தக் கட்டி இன்னதென்று அறியாமை. மருத்துவச் செலவை முடிவு செய்வோர் பெரும்பாலும் ஆண்களாகவே இருப்பதால், இதைப் பெண்களைப் போலவே ஆண்களும் தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

சினைப்பை என்பது யாது?

கர்ப்பப்பையின் இருபக்கத்திலும் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு சிறு உறுப்புகள் உள்ளன. நூல்களில் சூலகம் என்றும், மருத்துவமனைகளில் சினைப்பை என்றும் இவற்றைக் கூறுவர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமுள்ளது. கருமுட்டையை வளர்த்து வெளிவிடுவதும், மாதவிலக்கையும் எலும்பின் உறுதியையும் காக்கும் சுரப்புநீர்களை உண்டாக்குவதும் இவற்றின் வேலை. இரண்டில் ஒன்று மட்டும் நல்ல நிலையில் இருந்தாலே மாதவிலக்கு ஒழுங்காக நடைபெறும், குழந்தைப்பேறும் உண்டாகும். இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி அச்சம் நீங்கிவிடும்.

கர்ப்பப்பை வேறு, சினைப்பை வேறு. கர்ப்பப்பையின் சதையில் தோன்றும் கட்டி வேறு வகை. அதற்குச் சிகிச்சையும் வேறு. சினைப்பையில் உள்ள கட்டிக்குக் கர்ப்பப்பையை எடுப்பது, வரப்பில் களை முளைத்ததற்காக வயலையே விற்பது போன்றதாகும்.

கட்டியெல்லாம் ஒன்றல்ல

குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்குத் தோன்றும் சினைப்பைக் கட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாதவை. இவற்றைத் தீங்கற்ற கட்டிகள் என்பர். புற்றுநோய்க் கட்டி பக்கத்து உறுப்புகளுக்குள் ஊடுருவும். வயிற்றினுள்ளும் வேறிடங்களுக்கும் பரவும். தீங்கற்ற கட்டி அவ்வாறு பரவுவதில்லை. தான் இருக்கும் இடத்திலேயே வளரும். இவற்றுள் முக்கியமான சில வகைகளைக் கூறுவோம்.

முதலாவது, மாதந்தோறும் நிகழும் இயற்கைச் செயலால் உண்டாகும் நீர்க்கட்டி. ஒவ்வொரு மாதமும் கருமுட்டை ஒரு சிறு நீர்ப்பையினுள் வளர்கிறது. அப்பை சுமார் 2 சென்டிமீட்டர் அளவு வந்ததும் உடைந்து முட்டையை வெளிவிடும். சில மாதங்களில் அது உடையாமல் பெருத்து நின்றுவிடுவதுண்டு. இது நோயே அன்று. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தானே வற்றிவிடும். கட்டியைக் கரைக்கும் மருந்து என்று சந்தைகளிலும் விளம்பரங்களிலும் விற்கப்படுவனவற்றின் புகழுக்குக் காரணமும் இதுவே. தானே மறையும் கட்டி மறைந்தால், பெயர் மருந்துக்குப் போய்விடுகிறது. தானே மறையாத வகைகளை எந்தச் சூரணமும் கரைப்பதில்லை.

இரண்டாவது, முடிக்கட்டி எனத்தக்க 'டெர்மாய்டு' கட்டி. இளம் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் இதை அறுத்துப் பார்த்தால் உள்ளே கொழுப்பும், தலைமுடியும், சில சமயம் பல்லும் இருக்கும். இதைக் கேள்வியுற்றோர் செய்வினை என்றும் ஏவல் என்றும் பேசி, பூசாரியிடம் ஓடுகின்றனர். இதில் மாயம் ஒன்றுமில்லை. உடலின் எந்த உறுப்பையும் உருவாக்க வல்ல சக்தி கருமுட்டை அணுவுக்கு உண்டு. அந்த அணு முறை தவறி வளரும்போது தோலும் முடியும் பல்லும் அங்கேயே தோன்றிவிடுகின்றன. இவ்வகையில் புற்றுநோயாக மாறுவது நூற்றுக்கு ஒன்றிரண்டே.

மூன்றாவது, சினைப்பையின் மேல்தோலிலிருந்து எழும் பைக்கட்டிகள். இவற்றுள் ஒரு வகையில் தெளிந்த நீர் இருக்கும். மற்றொரு வகையில் கோழை போன்ற கெட்டிநீர் இருக்கும். பின்னது வியக்கத்தக்க அளவுக்குப் பெருகக்கூடியது.

நான்காவது, பழைய இரத்தம் தேங்கிச் சாக்கலேட் நிறத்தில் காணப்படும் கட்டி. மாதவிலக்கின்போது தாங்கமுடியாத வலியும், குழந்தைப்பேற்றில் தடையும் இதன் அடையாளங்கள். ஐந்தாவது, நார்க்கட்டி. இது கெட்டியாக இருக்கும், ஆயினும் தீங்கற்றதே. சிலருக்கு இதனால் வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் கோத்துப் புற்றுநோய் போலவே தோற்றமளிக்கும்; கட்டியை அகற்றியதும் அந்நீர் வற்றிவிடும்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடுதல் நலம். மாதவிலக்குத் தள்ளிப்போகும் இளம் பெண்களுக்கு 'நீர்க்கட்டி இருக்கிறது' என்று இக்காலத்தில் அடிக்கடி சொல்லப்படுகிறது. சினைப்பையில் பல சிறு முட்டைப்பைகள் முதிராமல் தங்கியிருக்கும் நிலையே அது. அதற்குக் கட்டி என்ற பெயரே பொருந்தாது. உணவு ஒழுங்கு, உடலுழைப்பு, தேவையான மருந்து இவற்றால் அதைச் சமாளிக்கலாம். பெயரைக் கேட்டு அஞ்சி, பெண்ணின் கல்யாணப் பேச்சையே நிறுத்திவிடுவது அறியாமையாகும்.

வளரவிட்டால் நேர்வது

தீங்கற்றது என்பதால் கவனிக்க வேண்டுவதில்லை என்று பொருள் கொள்ளலாகாது. பெரிய கட்டி மூத்திரப்பையை அழுத்தும், குடலை நெருக்கும், மூச்சுவிடவும் சிரமம் தரும். 2018ஆம் ஆண்டில் நீலகிரிப் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் சினைப்பையில் எழுந்த 30 கிலோவுக்கும் மேற்பட்ட கட்டியைக் கோவையில் டாக்டர்கள் அறுத்து அகற்றியதைப் பத்திரிகைகள் வெளியிட்டன. ஒரு சிப்பம் அரிசியின் எடைக்கு மேற்பட்டதை ஒரு பெண் வயிற்றில் சுமந்து நடந்திருக்கிறார் என்றால், நம் பெண்கள் எவ்வளவு பொறுத்துப் பழகியவர்கள் என்பது விளங்கும். அந்தப் பொறுமையைப் பாராட்டிக்கொண்டு நாம் சும்மாயிருப்பது தகாது.

இத்தகைய கட்டியை அறுத்து எடுத்து உயிரைக் காக்க முடியும் என்று உலகம் அறிந்துகொண்டதும் ஒரு கிராமத்துப் பெண்ணாலேயே. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜேன் கிராஃபோர்டு என்னும் குடியானவப் பெண்மணிக்கு வயிறு பெருத்தது. பார்த்த வைத்தியர்கள் கர்ப்பம் என்றே எண்ணினர். எஃப்ரேம் மக்டவல் என்ற டாக்டர் சோதித்து, இது சினைப்பைக் கட்டி என்று கூறினார். அப்பெண்மணி குதிரைமேல் சுமார் 60 மைல் பிரயாணம் செய்து அவருடைய ஊருக்குச் சென்றார். 1809ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மயக்க மருந்து என்பதே இல்லாத காலத்தில், 25 நிமிஷ நேரத்தில் ஏறக்குறைய 10 கிலோ எடையுள்ள கட்டி அகற்றப்பட்டது. அவர் பிழைத்து எழுந்து, அதன்பின் 32 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். மயக்க மருந்தும், கிருமிநாசினியும், இரத்த வங்கியும் உள்ள இக்காலத்தில் நாம் அஞ்சுவதற்கு நியாயம் ஏது?

ஜேன் கிராஃபோர்டின் கட்டியைக் கர்ப்பம் என்று எண்ணிய பிழை நம் ஊர்களில் வேறு ஒரு கொடுமையாக உருவெடுக்கிறது. மணமாகாத பெண்ணுக்கு வயிறு சற்றுப் பெருத்தால் ஊர் வாய் சும்மாயிருப்பதில்லை. பழிக்கு அஞ்சித் தாய் மகளை வெளியே அனுப்புவதில்லை. மகளும் வாய் திறப்பதில்லை. சில வாரங்களில் முடிந்திருக்க வேண்டிய சிகிச்சை பல மாதங்கள் தள்ளிப்போகிறது. புறம் பேசுவோரின் நாவை அடக்குவதும் ஊர்ப் பெரியவர்களின் கடமைகளுள் ஒன்று.

உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய அறிகுறிகள்

சினைப்பை ஒரு காம்பில் தொங்குவது போன்ற அமைப்புடையது. கட்டியின் பாரத்தால் சில சமயம் அக்காம்பு முறுக்கிக்கொள்கிறது. பாத்தி பாயும் குழாய் மடங்கினால் தண்ணீர் நின்றுபோவது போல, காம்பு முறுக்கினால் இரத்த ஓட்டம் நின்று சினைப்பை அழுகத் தொடங்கும். அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் திடீரென்று தோன்றும் கடும் வலி, வாந்தி, வியர்வை ஆகியன இதன் அடையாளங்கள். வலப்பக்கத்தில் வந்தால் குடல்வால் நோய் போலவே இருக்கும். 'சூடு பிடித்திருக்கிறது' என்று விளக்கெண்ணெய் தடவுவதும், வயிற்றைப் பிசைந்து விடுவதும் கூடா. இரவாயினும் 108 வண்டியை வரவழைத்து மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். சில மணி நேரத்திற்குள் சென்றால் முறுக்கை அவிழ்த்துச் சினைப்பையைக் காப்பாற்ற இயலும். தாமதித்தால் எடுத்துவிட நேரும்.

மற்றோர் எச்சரிக்கை வயது முதிர்ந்த பெண்களுக்கு உரியது. மாதவிலக்கு நின்றபின் தோன்றும் கட்டியில் புற்றுநோய்க்கு இடம் அதிகம். 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு நாள்தோறும் வயிறு உப்புசமாக இருத்தல், இரண்டு கவளம் உண்டதுமே நிறைந்துபோதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை இரண்டு மூன்று வாரங்கள் தொடர்ந்தால், வாயுத் தொந்தரவு என்று சீரகத் தண்ணீரோடு நிறுத்திவிடலாகாது. மாதவிலக்கு நின்றபின் மீண்டும் இரத்தம் கண்டாலும் உடனே காட்டவேண்டும். தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ மார்பிலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால், அதை டாக்டரிடம் மறைக்காமல் கூறவேண்டும்.

சோதனைகள்

ஸ்கேன் என்னும் ஒலியலைச் சோதனையே முதன்மையானது. இதில் வலியுமில்லை, கதிர்வீச்சுமில்லை. கட்டி எவ்வளவு பெரியது, உள்ளே நீர் மட்டும் உள்ளதா, தடுப்புகளும் கெட்டிச் சதையும் உள்ளனவா என்பவற்றை அது காட்டும். தெளிந்த நீரும் மெல்லிய சுவரும் உள்ள கட்டி பெரும்பாலும் தீங்கற்றது. 'சி.ஏ.125' என்ற இரத்தச் சோதனையும் உண்டு. அதன் எண் கூடியிருந்தால் புற்றுநோய்தான் என்று முடிவு கட்டலாகாது. மாதவிலக்கின்போதும், கர்ப்ப காலத்திலும், சாக்கலேட் கட்டியிலும் அது கூடும்.

ஊராட்சிகள் சில, 'எல்லாப் பெண்களுக்கும் ஸ்கேன் முகாம்' நடத்த விரும்பலாம். நோக்கம் நல்லதே, ஆனால் பயன் ஐயத்திற்குரியது. இங்கிலாந்தில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட நடுவயதுப் பெண்களைப் பல ஆண்டுகள் இவ்வாறு சோதித்துப் பார்த்தனர். தொல்லை ஏதுமில்லாத பெண்களுக்குச் செய்யும் இச்சோதனைகளால் சினைப்பைப் புற்றுநோய்ச் சாவு குறையவில்லை என்று 2021ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. தானே மறைந்துபோகும் சிறு நீர்க்கட்டிகளை எல்லாம் கண்டுபிடித்து, அச்சத்தையும் வேண்டாத அறுவையையும் பெருக்குவதே அத்தகைய முகாமின் விளைவாகும். தொல்லை உள்ள பெண்ணைத் தாமதமின்றி டாக்டரிடம் அனுப்புவதே சிறந்த சேவை.

சிகிச்சை: பொறுத்திருப்பதும் ஒரு வைத்தியமே

மாதவிலக்கு உள்ள வயதில், 5 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சாதாரண நீர்க்கட்டிக்குப் பெரும்பாலும் சிகிச்சையே தேவையில்லை. அதற்குச் சற்றுப் பெரியதாயின் டாக்டர் குறிப்பிடும் காலத்தில் மறு ஸ்கேன் செய்து பார்ப்பர். மறையாமல் நிற்பது, வளர்வது, வலி தருவது, உள்ளே கெட்டிச் சதை உள்ளது ஆகியவற்றுக்கே அறுவை வேண்டும். ஊசியால் நீரை மட்டும் உறிஞ்சினால் அது மீண்டும் ஊறிவிடும். ஆகையால் பொதுவாக அம்முறையைக் கைக்கொள்வதில்லை.

இளம் பெண்களுக்குக் கட்டியை மட்டும் உரித்தெடுத்துச் சினைப்பையை விட்டுவைப்பதே முறை. அதற்கு இயலாதபோது ஒரு பக்கச் சினைப்பையை மட்டும் எடுப்பர். தொப்புள் அருகே சிறு துளையிட்டுக் கருவிகளைச் செலுத்திச் செய்யும் முறையில் இரண்டொரு நாளில் வீடு திரும்பலாம். கர்ப்ப காலத்தில் காணப்படும் சிறு கட்டிகள் பலவும் தாமே மறையும். நிற்பவற்றை டாக்டர் தக்க மாதத்தில் கவனிப்பார்.

இங்கே மிக முக்கியமான ஒன்றைக் கூறவேண்டும். "குழந்தை பெற்றாயிற்று, இனி அந்தப் பை எதற்கு?" என்று கேட்டு, 30 வயதிலும் 35 வயதிலும் கர்ப்பப்பையையும் இரு சினைப்பைகளையும் எடுத்துவிடும் வழக்கம் நாட்டில் பல இடங்களில் பரவியுள்ளது. இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்குச் சுமார் மூவர் கர்ப்பப்பையை இழந்தவர்கள் என்று 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புக் காட்டுகிறது. தேவையற்ற கர்ப்பப்பை அறுவைகளைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் கடைப்பிடிக்கவேண்டும் என்று 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இரு சினைப்பைகளையும் இளவயதில் இழந்த பெண்ணுக்கு முதுமை முன்கூட்டியே வந்துவிடுகிறது. எலும்பு பலவீனமடைகிறது, இதய நோய்க்கு இடமேற்படுகிறது, உடல் எரிச்சலும் உறக்கமின்மையும் வாட்டுகின்றன. களைக்கொத்தைப் பிடித்து வேலை செய்யவேண்டிய உடலுக்கு இது சிறிய இழப்பா? புற்றுநோய் உள்ளபோதும், மாதவிலக்கு நின்ற சிலருக்கும் இவற்றை எடுக்கவேண்டிய அவசியம் நேரும். அவசியம் உண்டா என்று கேட்டறிந்த பின்னரே ஒப்பவேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. கட்டி சினைப்பையிலா, கர்ப்பப்பையிலா? எந்தப் பக்கம்? எத்தனை சென்டிமீட்டர்?
2. உள்ளே இருப்பது நீரா, கெட்டிச் சதையா?
3. சில மாதங்கள் பொறுத்து மறு ஸ்கேன் பார்க்கலாமா?
4. அறுவை அவசியமாயின், கட்டியை மட்டும் எடுக்க இயலுமா? சினைப்பையை விட்டுவைப்பீர்களா?
5. கர்ப்பப்பையையும் எடுப்பதாயின், அதற்குக் காரணம் என்ன?
6. எடுத்த கட்டியைத் திசுச் சோதனைக்கு அனுப்புவீர்களா?

ஆறாவது கேள்வியை மறக்கவே கூடாது. கட்டி தீங்கற்றதா அன்றா என்பதை முடிவாகச் சொல்வது திசுச் சோதனை ஒன்றே. அந்தக் காகிதத்தை நிலப்பத்திரம் போலப் பத்திரப்படுத்த வேண்டும். விடை திருப்தி தரவில்லையெனில், அவசர நிலை இல்லாதபோது, வேறு டாக்டரிடம் இரண்டாம் அபிப்பிராயம் கேட்பது நோயாளியின் உரிமை. அது முதல் டாக்டரை அவமதிப்பதாகாது.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

முதற்படி ஆரம்ப சுகாதார நிலையம். கிராம சுகாதார செவிலியரிடம் தயக்கமின்றிக் கூறினால் அவர் வழிகாட்டுவார். பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளும், கோவை, திருப்பூர், பெருந்துறை ஆகிய இடங்களிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை பெறலாம். நோய் வந்தபின் அட்டைக்கு அலையாமல், முன்னரே பெற்றுவைப்பது புத்திசாலித்தனம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு.

கிராம சபையில் சாலை, விளக்கு என்பவற்றோடு ஆண்டுக்கு ஒருமுறையேனும் பெண்கள் நலம் பற்றிப் பேச ஒரு பெண் டாக்டரையோ செவிலியரையோ அழைக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில் மேற்கண்ட ஆறு கேள்விகளைப் படித்துக் காட்டலாம். தமிழ்நாட்டு ஊராட்சிப் பதவிகளில் பாதி இடம் சட்டப்படி பெண்களுக்கு உரியது; அவ்விடங்களுக்கு வருவோர் இப்பணியை மேற்கொண்டால், ஆண்களிடம் சொல்லக் கூசும் பெண்கள் அவர்களிடம் மனம் விட்டுப் பேசுவர்.

விவசாய அன்பர்கள் அறிந்த ஓர் உண்மையைச் சொல்லி முடிப்போம். பசு சினை பிடிக்காவிட்டால் நாம் கால்நடை மருத்துவரை அழைக்கிறோம். அவர் சோதித்து, சினைப்பையில் கட்டி என்று சொன்னால், யாரும் செய்வினை என்று நினைப்பதில்லை, வெட்கப்படுவதுமில்லை, பருவம் தவறுமுன் வைத்தியம் செய்கிறோம். பட்டியிலுள்ள பசுவுக்குக் காட்டும் இந்த அக்கறையையும் விவேகத்தையும், வீட்டிலுள்ள மனைவிக்கும் மகளுக்கும் தாய்க்கும் காட்டுவோமாக.